காட்டேஜ்ல ஃப்ளஷ் டாய்லெட் வைக்கப் போறீங்களா? பூட்டிட்டுப் போற மாசங்களை நெனச்சு வைங்க

எங்க காட்டேஜ் வருஷம் பூரா ஆள் இருக்குற வீடு இல்ல, வெயில் மாசங்கள்ல போய் இருப்போம், குளிர் ஆரம்பிச்சா பூட்டிட்டு வந்துருவோம். அங்க முன்னாடி இருந்தது வெளிக் கக்கூஸ்தான், ராத்திரி டார்ச் எடுத்துட்டு போகணும், சின்னப் பசங்க பயப்படுவாங்க, மூட்டு வலிக்காரங்களுக்கு அது தண்டனை. சரி ஃப்ளஷ் டாய்லெட் வைப்போம்னு பேச்சு எடுத்தா எல்லாரும் எந்த மாடல், சுவத்துல மாட்டுறதா தரையில வைக்கிறதான்னு அதையேதான் பேசுறாங்க. ஆனா சீசன் வீட்டு டாய்லெட் கெட்டுப் போறது நாம உபயோகிக்கிறப்போ இல்லைங்க, யாரும் தொடாம சும்மா கிடக்குறப்போதான். அதனால மாடல் பாக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து, இந்த சிஸ்டத்துல தண்ணி எங்கெல்லாம் நிக்கும், அதை எப்படி வெளிய எடுக்குறதுன்னு எழுதிப் பாத்துட்டீங்கன்னா பாதி முடிவு தானா வந்துரும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு.

அந்த லிஸ்ட் நெனைக்கிறதை விடப் பெருசு. ஃப்ளஷ் டேங்க், கோப்பைக்குள்ள தெரியுற தண்ணி, அதுக்குப் பின்னாடி வளைவுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம நிக்குற தண்ணி, டேங்குக்கு வர்ற ஓஸ், ஆங்கிள் வால்வு, ஹெல்த் ஃபாசெட்டோட ஓஸ், பம்பு, பிரஷர் டேங்க், ஃபில்டர் டப்பா, ஹீட்டர். தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருசாகும், பீங்கானோ பித்தளையோ அதுக்கு வளைஞ்சு குடுக்காது, வெடிப்பு விட்டுரும். குளிர் இல்லாத இடத்துல இருக்குறவங்களுக்கு இந்தக் கவலை இல்ல, ஆனா அவங்களுக்கு வேற ஒண்ணு இருக்கு, மாசக்கணக்குல பூட்டி இருந்தா வளைவுல இருக்குற தண்ணி ஆவியா போயிரும். அந்தத் தண்ணிதான் கீழ இருந்து வர்ற காத்தை அடைச்சு வெச்சிருக்கு. அது காஞ்சா செப்டிக் டேங்க் நாத்தம் வீடு பூரா ஏறி நிக்கும், அதுல ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் எல்லாம் இருக்கும், நாத்தத்தோட நிக்கிற விஷயம் இல்ல.

மொதல்ல வெளிய போற பக்கத்தைத்தான் முடிவு பண்ணணும், உள்ள வைக்கிற கோப்பையை இல்ல. சாக்கடை லைன் கிடைச்சா புண்ணியம், அந்த மாதிரி இடத்துல பெரும்பாலும் கிடைக்காது. அப்புறம் இருக்குறது ரெண்டு வழி. ஒண்ணு செப்டிக் டேங்க் வெச்சு அதுல இருந்து தெளிஞ்ச தண்ணியை மண்ணுக்குள்ள விடுறது, இன்னொண்ணு மூடின தொட்டி, அதுல இருந்து ஒண்ணும் வெளிய போகாது, ரொம்பினா வண்டி வந்து உறிஞ்சிட்டுப் போகும். ஏரி, ஆத்துக்கரை பக்கத்துலயோ, பாறை மேலயோ, களிமண்லயோ, நிலத்தடித் தண்ணி மேலயே நிக்குற இடத்துலயோ மண்ணுக்குள்ள விட முடியாது, விடவும் கூடாது, அங்க மூடின தொட்டிதான். கிணத்துக்கும் அந்தத் தண்ணியை மண்ணு உறிஞ்சுற இடத்துக்கும் நடுவுல 30 மீட்டர் வரைக்கும்கூட இடைவெளி கேக்குற விதிகள் உண்டு. இதுக்கு அனுமதி வாங்கணுமா, தூரம் என்னன்னு உங்க பக்கத்து ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் குழி தோண்டணும், கோப்பையை வாங்கிட்டு வந்து வராந்தாவுல வெச்சுட்டு அப்புறம் போய்க் கேக்குறதுல அர்த்தம் இல்ல.

மூடின தொட்டின்னு முடிவாச்சுன்னா ஒரு கணக்கு போட்டே ஆகணும். நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு தடவைன்னு வைங்க. ஒரு ஃப்ளஷுக்கு 6 லிட்டர்னா ஒரு நாளைக்கு 120 லிட்டர், 3000 லிட்டர் தொட்டி 25 நாள்ல ஃபுல். ரெண்டு பட்டன் இருக்குற 3/6 லிட்டர் டேங்க் வெச்சு, அஞ்சுல நாலு தடவை சின்ன பட்டன்தான் அமுக்குறாங்கன்னா ஆளுக்கு 18 லிட்டர், மொத்தம் 72, அதே தொட்டி 40 நாள் தாங்கும். படகு, கேரவன்ல வைக்கிற மாதிரி ஒரு லிட்டர்ல முடிக்கிற டைப் இருக்கு பாருங்க, அதுக்கு நாளைக்கு 20 லிட்டர்தான், 150 நாள் ஓடும், அதாவது சீசனுக்கு ஒரு வண்டி கூப்பிட்டாப் போதும். குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாம் அதே தொட்டிக்குள்ள விட்டா இந்தக் கணக்கு எதுவும் நிக்காது. பழைய காலத்து 13 லிட்டர் ஃப்ளஷ் டேங்கை எவனாவது சும்மா குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிருங்க.

அந்த ஒரு லிட்டர் டைப்புக்கு இன்னொரு நல்லதும் உண்டு. அதுல வளைவு கிடையாது, அடியில ரப்பர் ஓரம் வெச்ச ஒரு மூடி திறந்து நேரா கீழ விழும், அதனால குளிருக்கு உறையுற தண்ணியே கம்மி. ஆனா தொட்டி நேர் கீழயோ ரொம்பக் கிட்டயோ இருக்கணும், தூரமா போற படுக்கைப் பைப்ல ஒரு லிட்டர் தண்ணி எதையும் தள்ளிட்டுப் போகாது, நடுவுல நின்னுரும். ரப்பருக்கு அப்பப்போ சிலிகான் கிரீஸ் தடவணும். எங்க இடத்துல மண்ணு நல்ல மண்ணு, தொட்டி வைக்கிற இடம் வீட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி, அதனால செப்டிக் டேங்கும் சாதா 3/6 லிட்டரும்தான் சரியா வந்துச்சு. அரைச்சு மேல தள்ளுற மோட்டார் வெச்ச டைப்பும் காமிச்சாங்க, கரண்ட் போனா டாய்லெட்டும் போச்சு, அந்த மோட்டார் பெட்டிக்குள்ள நிக்கிற தண்ணியையும் எடுக்கணும். வேற வழியே இல்லாத இடம்னா மட்டும் அதைப் பாக்கலாம்.

இப்போ பைப். 4 இன்ச், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம். இது எல்லா பிளம்பருக்கும் தெரியும், ஆனா வாட்டத்தை ரெண்டு முனையில மட்டும் பாத்துட்டு நடுவுல விட்டுருவாங்க. நடுவுல பைப் தொய்ஞ்சு ஒரு இடத்துல தண்ணி நின்னுச்சுன்னா நிரந்தரமா குடியிருக்குற வீட்டுல அது பெருசா தெரியாது, அடுத்த ஃப்ளஷ்ல அடிச்சுட்டுப் போயிரும், சீசன் வீட்டுல அந்தத் தேங்கின இடம்தான் உறைஞ்சு பைப்பைப் பிளக்கும், குளிர் இல்லாத இடம்னா காஞ்சு கெட்டியாகி அடைக்கும். அதனால ரசமட்டத்தை பைப் நீளத்துக்கும் அடிக்கு அடி வெச்சுப் பாக்கணும், அடியில மணல் போட்டு கெட்டியா இடிச்சுட்டுத்தான் பைப்பைப் படுக்க வைக்கணும், மண்ணு மூடுறதுக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணி ஊத்தி கடைசி சொட்டு வரைக்கும் வெளிய வருதான்னு பாக்கணும். 90 டிகிரி எல்போ போடாம ரெண்டு 45 போடுங்க. திரும்புற இடத்துல மூடி வெச்ச ஒரு வாய் விடச் சொல்லுங்க, பின்னாடி அடைப்பு எடுக்க அது இல்லேன்னா தரையை உடைக்கணும்.

வென்ட் பைப், அதாவது கழிவுப் பைப்புக்குக் காத்து போய் வர்ற குழாய், அதைப் பத்தி ஒரே வார்த்தை, வைங்க. கூரைக்கு மேல போகணும், முனையில வலை இருக்கணும். ஆள் இல்லாத மாசங்கள்ல குளவி கூடு கட்டுறதுக்கும் இலை விழுறதுக்கும் அதை விட வசதியான இடம் கிடையாது. ஃப்ளஷ் பண்ணா பக்கத்து வாஷ்பேசின்ல களக் களக்னு சத்தம் வந்தா வென்ட் அடைச்சிருக்குன்னு அர்த்தம், மொதல்ல ஏணி போட்டு மேல பாருங்க, அப்புறம் டாய்லெட்டைக் கழட்டலாம்.

கோப்பையை வைக்கிறதுல ஒரு சின்ன சண்டை வந்துச்சு. வந்த பிளம்பர் வெள்ளை சிமென்ட் போட்டு சுத்தி அடைக்கிறேன்னாரு. “அண்ணே, அப்படி அடைச்சா பின்னாடி கழட்ட முடியாதே”ன்னேன். “டாய்லெட்டை எதுக்கு சார் கழட்டப் போறீங்க?”ன்னு சிரிச்சாரு. குளிர் இடத்துல மண்ணு உறைஞ்சா வீட்டுத் தரையே லேசா எழும்பும், வெயில் வந்தா மறுபடி உக்காரும். சிமென்ட் போட்டா தரைக்கும் கோப்பைக்கும் நடுவுல விட்டுக் குடுக்க ஒண்ணும் இல்ல, எது பலவீனமோ அது உடையும், பெரும்பாலும் கோப்பைதான். அதனால போல்ட்டு வெச்சுத்தான் உக்கார வெச்சோம், கீழ தடிமனான ரப்பர் கேஸ்கெட், மெழுகு வளையம் இல்ல. மெழுகு ஒரு தடவை அமுங்கினா அவ்வளவுதான், கோப்பை கொஞ்சம் ஆடினாலும் திரும்ப ஒட்டாது, ரப்பர் கொஞ்சம் தாங்கும். சுத்தி சிலிகான் அடிக்கும்போது பின்பக்கம் ரெண்டு விரல் அகலம் விட்டு வைங்க. கீழ கசிஞ்சா அந்த வழியா தண்ணி வெளிய வந்து காட்டிக் குடுக்கும், முழுசா அடைச்சுட்டா மரத்தரைக்குள்ளயே ஊறி, கால் அமுங்குறப்போதான் தெரிய வரும்.

தண்ணி வர்ற பக்கம் ஒரே ஒரு சட்டம்தான், எல்லா பைப்பும் ஒரு தாழ்ந்த இடத்தைப் பாத்து சரிஞ்சு வரணும், அங்க ஒரு வடிகால் வால்வு. அதைத் திறந்தா வீடு முழுக்க வடியணும். சுவத்து அழகுக்காக பைப்பை மேல ஏத்திக் கீழ இறக்கி ஓட்டினா ஒவ்வொரு பள்ளத்துலயும் தண்ணி நிக்கும். எங்க தவிர்க்கவே முடியலையோ அங்க தனியா ஒரு சின்ன வடிகால். பம்பு ரெண்டு பக்கமும் யூனியன் (பைப்பை வெட்டாம கழட்டி மாட்டுற இணைப்பு) போட்டு வெச்சா ஸ்பேனர் ஒண்ணு எடுத்து கழட்டி, வீட்டுக்கே தூக்கிட்டு வந்துரலாம். இன்னொரு விஷயம், பால் வால்வை (உள்ள ஓட்டை போட்ட உருண்டை திரும்பி தண்ணியை அடைக்கிற வால்வு) முழுசா மூடினாலும் திறந்தாலும் அந்த உருண்டைக்குள்ளயும் சுத்தியும் கொஞ்சம் தண்ணி மாட்டிக்கும், உறைஞ்சா வால்வு உடம்பு வெடிக்கும். வடிச்சு முடிச்சதும் கைப்பிடியைப் பாதி நிலையில, 45 டிகிரியில நிறுத்தி வைங்க, தண்ணி இறங்கிரும். இதை எனக்கு சொன்னது எங்க மச்சான், அவர் பிளம்பர்கூட இல்ல.

பூட்டுற அன்னிக்கு செய்யுற வேலையைத்தான் நான் ரொம்ப நுணுக்கமா செய்வேன், ஏன்னா அடுத்த வருஷம் எப்படித் திறக்கும்ங்கிறது அன்னிக்கே முடிவாயிருது. வரிசை முக்கியம். மொதல்ல பம்பு கரண்ட் ஆஃப், ஹீட்டர் கரண்டும் ஆஃப், காலி ஹீட்டர் ஓடினா காயில் கருகிரும். அப்புறம் தாழ்ந்த வடிகாலைத் திறந்து, எல்லா குழாயையும் திறந்து விடணும், மேல காத்து உள்ள போனாத்தான் கீழ தண்ணி இறங்கும். ஹெல்த் ஃபாசெட்டை அமுக்கிப் பிடிச்சுக் கீழ தொங்க விடணும், இதை எல்லாருமே மறந்துருவாங்க. ஃப்ளஷ் பட்டனை அமுக்கிப் பிடிச்சே டேங்கைக் காலி பண்ணி, அடியில மிச்சம் இருக்குற ஒரு கப் தண்ணியை ஸ்பாஞ்ச் வெச்சு ஒத்தி எடுக்கணும், டேங்குக்கு வர்ற ஓஸைக் கழட்டி விடணும். கம்ப்ரஸர் இருந்தா கம்மி பிரஷர்ல, 2 பார் போதும், ஒரு பக்கம் ஊதி ஒவ்வொரு குழாயா திறந்து மூடினா ஒளிஞ்சிருக்கிற தண்ணியும் வந்துரும், வேகமா ஊதினா ஜாயின்ட்டு கழண்டுரும், ஜாக்கிரதை.

கோப்பை வளைவுத் தண்ணிதான் இதுல ரொம்ப முக்கியம். பிளஞ்சரால ரெண்டு மூணு தள்ளு தள்ளினா பெரும்பகுதி அந்தப் பக்கம் போயிரும், ஈரம் உறிஞ்சுற வேக்யூம் இருந்தா இன்னும் சுத்தம். ஆனா அப்படியே வெறுமையா விடக்கூடாது, காத்து அடைப்பு போயிரும். அங்க ஊத்த வேண்டியது புரொப்பிலீன் கிளைக்கால்ல செஞ்ச உறைதடுப்பு, கேரவன் பைப்புக்குன்னு விக்கிறது, பெரும்பாலும் ரோஸ் கலர்ல இருக்கும். கார் ரேடியேட்டருக்கு ஊத்துற எத்திலீன் கிளைக்கால் வேண்டவே வேண்டாம், அது விஷம், கொஞ்சம் இனிக்கும் வேற, நாய் பூனை நக்கினா உயிருக்கே ஆபத்து, மண்ணுக்குள்ளயும் போகும். ரோஸ் கலர் தண்ணி நல்லா அடர்த்தியா தெரியுற வரைக்கும் ஊத்தணும், மிச்சம் இருக்குற தண்ணியோட கலந்தா அதோட பலம் குறையும், அதுக்குத்தான் மொதல்லயே தள்ளி எடுக்கச் சொன்னது. டப்பா மேல போட்டிருக்குற டிகிரி பைப் வெடிக்காம காப்பாத்துற அளவு, அதுக்கு ரொம்ப முன்னாடியே அது கூழ் மாதிரி ஆயிரும், அதைப் பாத்து பயப்பட வேண்டாம், கூழ் எதையும் உடைக்காது. வாஷ்பேசின், குளிக்கிற இடம், தரை ஓட்டை, எல்லா வளைவுக்கும் இதே வைத்தியம். குளிர் இல்லாத இடம்னா இது எதுவும் தேவையில்ல, வளைவுத் தண்ணி மேல கொஞ்சம் மினரல் ஆயில் ஊத்தினாப் போதும், மேல படலமா நின்னு ஆவியாகாம பாத்துக்கும், கோப்பை வாயை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிட்டா இன்னும் நல்லது.

செப்டிக் டேங்கை பூட்டுறதுக்கு முன்னாடி காலி பண்ணிட்டுப் போனா நல்லதுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. தப்பு. காலித் தொட்டி, அதுவும் பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டின்னா, நிலத்தடித் தண்ணி ஏறும்போது அப்படியே மிதந்து மேல வந்துரும், பைப்பெல்லாம் முறிஞ்சுரும், இல்ல பக்கத்து மண்ணு அழுத்தி நசுங்கும். ரொம்பியே இருக்கட்டும், உள்ள இருக்குற பாக்டீரியா வேலையில கொஞ்சம் சூடும் இருக்கும். கசடு எடுக்கணும்னா சீசன் ஆரம்பத்துல எடுங்க, நாம இருக்குற மாசங்கள்ல அது திரும்ப ரொம்பிரும். தொட்டி மேலயும் உறிஞ்சுற இடத்து மேலயும் பனி விழுந்தா அள்ளாதீங்க, மிதிக்காதீங்க, வண்டி ஏத்தாதீங்க. பொத பொதன்னு கிடக்குற பனிதான் மண்ணுக்குப் போர்வை. ஆனா மூடின தொட்டியை மட்டும் முக்கால்வாசி ரொம்பின நிலையில விட்டுட்டுப் போனா அடுத்த சீசன் மொத வாரமே வண்டி தேட வேண்டி வரும், அது உங்க வசதி.

குளிர்காலத்துலயும் நடு நடுவுல போய் ரெண்டு நாள் தங்குறவங்க இருக்காங்க. அவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃப்ளஷ் டேங்க் ரப்பர் தேஞ்சு நூல் மாதிரி தண்ணி ஒழுகிட்டே இருந்தா அது வெளிய போற பைப்ல மெல்லிசா ஓடி, படலம் படலமா உறைஞ்சு, கடைசியில பைப்பையே அடைச்சுரும். ஒரேயடியா 6 லிட்டர் போனா உறையுறதுக்கு நேரமே கிடைக்காது, சொட்டு சொட்டா போறதுதான் வில்லன். ஒழுகுதான்னு பாக்க டேங்க்ல கொஞ்சம் ஃபுட் கலர் போட்டுட்டு ஒரு அரை மணி நேரம் யாரையும் உள்ள விடாதீங்க, கோப்பைக்குள்ள கலர் இறங்கியிருந்தா ரப்பர் மாத்தணும். மூடின தொட்டி வெச்சிருக்குறவங்க இதை சீசன் தொடக்கத்துலயே செய்யணும், தெரியாம ஒழுகினதையெல்லாம் வண்டிக்காரர் தூக்கிட்டுப் போறதுக்கு காசு நம்மளுது.

திறக்குற அன்னிக்கு அவசரம் கூடாது. வடிகாலையெல்லாம் மூடி, பம்புல தண்ணி ஊத்தி கிளப்பி, மெயின் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து வீட்டைச் சுத்தி நடந்து பாருங்க, எங்கயாவது ஸ்ஸ்ஸ்னு சத்தம் வருதான்னு. டேங்க் ஓஸை மாட்டுறதுக்கு முன்னாடி அதோட வாயை ஒரு வாளிக்குள்ள விட்டு கொஞ்ச நேரம் ஓட விடுங்க, மாசக்கணக்குல பைப்ல தங்கின துருவும் மண்ணும் மொத தண்ணியில வரும், அது நேரா ஃப்ளோட் வால்வுக்குள்ள போனா அன்னிக்கே வால்வு நிக்காம ஓட ஆரம்பிக்கும். டேங்க் அடி போல்ட்டு வாசர் காஞ்சு சுருங்கி இருக்கும், டேங்க் ரொம்பினதும் கீழ ஒரு நியூஸ்பேப்பர் விரிச்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க, சொட்டு விழுந்திருந்தா பேப்பர் சொல்லும். போல்ட்டை லேசா அரைத் திருப்பு, அதுக்கு மேல முறுக்கினா பீங்கான் கீறிரும்.

சீசன் நடுவுல பெருசா வேலை இல்ல, ஆள் வந்தாத்தான் வேலை. “ஃப்ளஷ் பண்ணலாம்”னு பாக்கெட்ல போட்டிருக்குற ஈரத்துடைப்பான் எதையும் நம்பாதீங்க. சந்தேகம் இருந்தா ஒரு கண்ணாடி ஜார்ல தண்ணி விட்டு அதுல டாய்லெட் பேப்பரை ஒரு துண்டு, இன்னொரு ஜார்ல ஈரத்துடைப்பானை ஒரு துண்டு போட்டுக் குலுக்குங்க, பேப்பர் கரைஞ்சு போகும், மத்தது துணி மாதிரி அப்படியே இருக்கும். விருந்தாளிக்கு வாயால சொல்ல சங்கடமா இருந்தா, கோப்பைக்கு மேல சுவத்துல எழுதி ஒட்டி, பக்கத்துலயே மூடி வெச்ச குப்பைத் தொட்டி வைங்க, தொட்டி இல்லாம நோட்டீஸ் மட்டும் ஒட்டினா யாரும் கேக்க மாட்டாங்க. டேங்குக்குள்ள போடுற குளோரின் மாத்திரை வேண்டாம், ரப்பரைத் தின்னுரும். செப்டிக் டேங்க்ல போடுற பாக்டீரியா பவுடரும் தேவையில்ல, நாம அனுப்புறதுலயே வேண்டிய பாக்டீரியா இருக்கு. கிணத்துத் தண்ணியில இரும்பு இருந்து காவி படிஞ்சா சிட்ரிக் ஆசிட் பவுடரை ராத்திரி போட்டு ஊற விட்டா போயிரும், சுரண்ட வேண்டாம். வெளிய புழுக்கமும் உள்ள வர்ற தண்ணி ஜில்லுன்னும் இருந்தா டேங்க் வேர்த்துக் கொட்டும், லீக்னு நெனச்சு எல்லாத்தையும் கழட்டாதீங்க, மொதல்ல துணியால துடைச்சு எங்க இருந்து திரும்ப ஈரம் வருதுன்னு பாருங்க. அது தரை மரத்தை அழுகடிக்கும்தான், உள்பக்கம் நுரை ஒட்டின டேங்க் வாங்கினா அந்தத் தொல்லை இல்ல.

கசடு எவ்வளவு இருக்குன்னு வருஷக் கணக்குல சொல்ல முடியாது, தினம் ஆள் இருக்குற வீட்டுக்குச் சொல்ற 3 வருஷம் 5 வருஷம் கணக்கு நமக்கு ஒத்து வராது. அடிக்கசடும் மேல் ஏடும் சேர்ந்து தொட்டியில மூணுல ஒரு பங்கு வந்தா வண்டியைக் கூப்பிடணும். அளக்குறதுக்குத் தொட்டி மூடியைத் திறந்தா குனிஞ்சு தலையை உள்ள விடாதீங்க, யாரும் இறங்கவும் கூடாது, அந்தக் காத்துல ஆள் மயங்கி விழ நிமிஷம்கூட ஆகாது. வெளிய நின்னு நீளக் கம்பு விட்டுப் பாக்கணும், பசங்களைப் பக்கத்துல விடக்கூடாது, மூடியைத் திரும்பப் பூட்டிட்டுத்தான் நகரணும்.

கரண்ட் போய் பம்பு ஓடலேன்னா டாய்லெட் நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்ல. 6 லிட்டர் தண்ணியை வாளியில எடுத்து கோப்பைக்குள்ள ஒரே வீச்சா ஊத்துங்க, டேங்க் செய்யுற அதே வேலைதான் நடக்கும், மெதுவா ஊத்தினா மட்டும் நடக்காது. அதுக்குன்னு ரெண்டு வாளி எப்பவும் ரொம்பி இருக்கும் எங்க வீட்டுல. பக்கத்துலயே ஒரு டப்பாவுல டேங்க் ரப்பர், ஃப்ளோட் வால்வு, ஓஸ் ஒண்ணு, வாசர் செட், டெஃப்லான் டேப் போட்டு வெச்சிருக்கேன், வாங்குறப்போ நம்ம டேங்க் மாடல் நம்பரை மூடிக்கு உள்பக்கம் பாத்து எழுதிட்டுப் போங்க, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்குற ரப்பர் எதுவும் சரியா உக்காராது.